பதினேழு பிழைகளும் ஓர் ஏரியும்

ரயிலில் தூங்கிப்போய்ப் பணிமனைக்குள் கண் விழித்தேன். 1989 ஆவடிப் பயணத்துக்கான என் நாட்குறிப்பின் முதல் வரி அதுதான். மே மாதத்தின் இரண்டாவது செவ்வாய், காலை பத்தேகால்.

கோலார் தங்கவயலிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்தே வந்திருந்தேன். சென்ட்ரலில் ஏறிய மின்சார ரயில் ஆவடியோடு முடிகிற வண்டி. வில்லிவாக்கம் வரை நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது பெட்டியில் யாரும் இல்லை, மின்விசிறிகள் சுற்றவில்லை. சன்னலுக்கு வெளியே இன்னொரு ரயில், அதற்கப்பால் இன்னொன்று. ஆவடியில் எல்லாரையும் இறக்கிவிட்டு, காலி வண்டி அண்ணனூர் பணிமனைக்குத் திரும்பியிருக்கிறது, என்னையும் சேர்த்துக்கொண்டு.

"யாருய்யா உள்ள?" என்று கீழிருந்து ஒரு குரல். நீலச் சட்டை போட்ட ஒருவர், கையில் திருப்புளியோடு எட்டிப் பார்த்தார்.

"ஆவடி போகணும்" என்றேன்.

"ஆவடி அப்பவே போச்சு சார். நீங்கதான் எறங்கல."

பிளாட்பாரம் இல்லாத இடத்தில் ரயிலின் வாசல் எவ்வளவு உயரம் என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் தோளைக் கொடுத்தார். பெட்டியை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, யார் வீட்டுக்கு என்று கேட்டார். தங்கை வீடு, பேர் ரோசலின், பாக்டரி குவார்ட்டர்ஸ் என்றேன்.

"கோயில்ல பாட்டு பாடுவாங்களே, அந்த ரோசலினக்காவா?" அவர் நின்றுவிட்டார். "அப்ப நீங்க கோலாரா? அந்த லெட்டர் போட்ட ஆளு நீங்கதானா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"நான்தான் சூசை. அமலோற்பவம் ஊட்டுக்காரன். உங்க லெட்டரு ரெண்டு வருஷமா எங்க ஊட்லதான் இருந்துச்சு சார். காலண்டர் ஆணியிலயே மாட்டி வெச்சிகினு இருந்தா."

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணமே அதனால்தான்.

எங்கள் ஊரில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திவந்தோம். இதழுக்கு ஒரே பிரதிதான். எங்களில் எழுத்து அழகானவர் எல்லாக் கதைகளையும் படியெடுப்பார். அது வீடு வீடாகப் போகும். பிறகு தபாலில் ஆவடிக்கு என் தங்கை வீட்டுக்கும் போய்த் திரும்பும். கடைசியில் பத்துப் பக்கம் வெறுமையாக விட்டிருப்போம். படித்தவர்கள் தோன்றியதை அதில் எழுதலாம். நான் சுரங்கத்தின் நேர அலுவலகத்தில் எழுத்தர். யார் எத்தனை மணிக்கு உள்ளே இறங்கினார், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று குறித்தே ஆயுளில் பாதி போயிருக்கிறது. பத்திரிகையிலும் எனக்கு அதே வேலை. தேதி, கிழமை, தூரம், பருவம் சரிபார்ப்பேன்.

அமலோற்பவம் ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். தங்கையோடு கோயிலில் பாடுகிறவர். தங்கை மூலம் அவருடைய நான்கு கதைகள் எங்களுக்கு வந்தன. நான்கும் ஆவடியைச் சுற்றியே நடப்பவை. நான்கிலும் ஊர் தப்பாக இருந்தது.

பூந்தமல்லியில் காய்ச்சலாகக் கிடக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறவளின் கதையில், பஸ் போய்ச் சேர்வதற்குள் வெயில் இரண்டு முறை ஏறி இறங்கியது. சாவு வீட்டுக் கதையில், ஐப்பசி மழையில் ஊரே மிதக்கும்போது மருமகள் நடக்கும் பாதையில் மட்டும் புழுதி காலைச் சுட்டது. இரவு வேலைக்குப் போன கணவனுக்காகக் காத்திருப்பவளின் கதையில், அண்ணனூர் பணிமனையில் நிற்கும் ரயில்கள் எல்லாம் விளக்கெரிய அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆறு மாதம் பேசாமலிருந்த கணவன் ஒருநாள் காலை "குழம்பில் உப்பு இல்லை" என்று சொல்லிவிட, அவள் வேலைக்கு நடந்து போகிற கதையில், மே மாதத்து ஏரி ரோட்டைத் தொட்டுக்கொண்டு நிறைந்திருந்தது.

நான் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். முழுத்தாளில் நான்கு பக்கம். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் எழுதியபடியே எடுத்தெழுதி, கீழே "பிழை" என்று போட்டு, காரணமும் கொடுத்திருந்தேன். "பூந்தமல்லிக்கு அரை மணி நேரப் பயணம்." "மழைக்காலத்தில் புழுதி இராது." "பணிமனையில் நிற்கும் வண்டிகளில் விளக்கு எரியாது." "தங்கையின் பிரசவத்துக்காகச் சென்ற மே மாதம் முழுவதும் ஆவடியில் இருந்தேன். ஏரியில் எருமைகள் மேய்ந்தன." மொத்தம் பதினேழு. முடித்தபோது எனக்கு இருந்தது திருப்திதான். அதை மறைப்பதில் பயனில்லை.

ஒரு கார்டு வந்தது. "கடிதம் கிடைத்தது. நன்றி. இனிமேல் கவனமாக இருப்பேன்." ஏழெட்டு மாதம் கழித்து ஐந்தாவது கதை வந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை. மழை பெய்ய வேண்டிய நாளில் பெய்தது, ரயில் வரவேண்டிய நேரத்துக்கு வந்தது. அந்த இதழ் எட்டு வீடு சுற்றிவிட்டு என்னிடம் திரும்பியபோது, கடைசிப் பத்துப் பக்கமும் வெறுமையாகவே இருந்தன. ஏரிக் கதைக்கு அந்த இடம் போதாமல் அட்டையின் உள்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: "படித்து முடித்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்."

அதன் பிறகு ஆவடியிலிருந்து கதையே வரவில்லை.

இந்த ஆண்டு தொடக்கத்தில் அந்த நான்கு கதைகளையும் அச்சில் ஒரு சிறு புத்தகமாகப் போடலாம் என்று எட்டுப் பேரும் முடிவு செய்தோம். பழைய இதழ்கள் இருந்த மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே கரையான் மண்தான் இருந்தது. மூலம் அமலோற்பவத்தின் நோட்டில் மட்டும்தான். சம்மதம் கேட்டு, நோட்டைப் படியெடுக்க நானே வருகிறேன் என்றும் எழுதினேன். சரி என்று பதில் வந்தது. கூடவே தங்கையின் கடிதமும் வந்தது: "அண்ணா, நீ வரப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அமலோற்பவம் உன் பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு, கதைகளில் நீ சொன்ன இடங்களை எல்லாம் ரப்பரால் அழித்து எழுதிக்கொண்டிருக்கிறாள்."

அவர் பென்சிலில் எழுதுகிறவர். அழிக்க முடியாத கோட்டைத் தையல்காரர்கள் நம்புவதில்லையாம். மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

சூசை பணிமனைக்கு வெளியே ஒரு கடையில் செட் தோசையும் வடகறியும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் காலையில் ராகிக் களி தின்று வளர்ந்த நாக்குக்கு இந்த வடகறி வெகு காரம், வெகு ருசி. விற்காமல் மிஞ்சிய வடையைப் பிய்த்துப் போட்டுச் செய்வது என்றார்கள். இருக்கட்டும், நான் இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

"அமலோற்பவம் வீட்டில் இருக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஞாயித்துக்கெழமையே லீவு போட்டுகினு பூந்தமல்லில அக்கா ஊட்டுக்குப் பூட்டா. இங்க இருந்தா வேல ஓடலியாம். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு உங்க லெட்டரையும் எடுத்துகினு, ரெண்டு ரப்பர் வேற வாங்கிகினு போனா."

தோசையைப் பாதியில் வைத்தேன். முகவரி கேட்டேன். அவருக்குத் தெருப்பெயர் தெரியாது, வழிதான் தெரியும். இடையில் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். சாயந்தரம் வேலை முடிந்து தங்கை வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு ஓடினார்.

பணிமனையைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நின்றிருந்த வண்டிகளில் விளக்கு எரியவில்லை. நான் சொன்னது சரிதான். அதனால் யாருக்கு என்ன?

*

புதன் காலை, பூந்தமல்லி பஸ். பக்கத்தில் திருவேற்காட்டுக்குப் போகிற ஓர் அம்மாள், மஞ்சள் புடவை, மடியில் எலுமிச்சம்பழ மாலை. வழி நெடுக மனைப் பிரிவுக் கற்கள், பாதி எழுந்த வீடுகள், நடுநடுவே அறுவடை முடிந்த வயல். சட்டைப்பையிலிருந்த சூசையின் வரைபடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினேழில் எத்தனையாவதில் இருப்பார்?

எங்கள் ஊரில் நிலம் வேறு மாதிரி. சுரங்கத்துக்குள்ளிருந்து நூறாண்டாக வெளியே கொட்டிய மண் மலை மலையாகக் குவிந்து, வெளிறிப்போய் நிற்கிறது. அதைத்தான் ஊர் என்று பார்த்து வளர்ந்தோம். உள்ளே இருந்தது வெளியே வந்து மலையாக நிற்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கதையில் அதையே ஒரு பெண் செய்தபோது அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நிறையப் படித்திருக்கிறேன் என்ற நினைப்பும் காரணம். நாவல்களில் ஏரி வெறும் ஏரியாக இருக்கலாம். அங்கே இடம் இருக்கிறது. எட்டுப் பக்கச் சிறுகதையில் ஒருத்தி மனசைப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஏரியைக் காட்டி நகர்ந்துவிட வேண்டும். இது தெரிந்தவன்தான் நான். வாசகனாக இருக்கும்போது தெரியும். பேனாவைப் பிடித்ததும் மறந்துபோகும்.

பாதி வழியில் எஞ்சின் சூடாகி, பஸ் புகைவிட்டு நின்றது.

"ஆராச்சும் எறங்கி ஒரு குடம் தண்ணி வாங்கியாங்கப்பா. வண்டி தாகமா கீது" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட்டு எடுத்தவனே தண்ணியும் மொள்ளணுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"நீ எறங்கித் தள்றியா, இல்ல தண்ணி மொள்றியா நைனா? சொல்லு, உன் இஷ்டம்."

பஸ் சிரித்தது. தண்ணீர் வந்தது, மூடியைத் திறக்க ஒரு துணி வந்தது, சூடு தணிய வேண்டும் என்று பீடி பற்றவைத்தார்கள். எலுமிச்சை மாலை அம்மாள், "ஆத்தா பாத்துப்பா, நீ ஏன் இப்டி தவிக்கிற?" என்று என்னைக் கேட்டார். என் கை கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

என் கைக்கடிகாரப்படி பூந்தமல்லி சேர நாற்பத்தொரு நிமிடம் ஆனது. அதை நம்பித்தான் எழுதுகிறேன். கடிகாரம் மட்டும் கையில் இல்லாவிட்டால், வெயில் இரண்டு முறை ஏறி இறங்கியது என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

*

கதவைத் திறந்தது அக்கா. "வாங்க, கோலாரா? மூணு நாளா இவ ஒழுங்கா சோறு துன்னல. உங்க பேரச் சொல்லியே ஒரு ரப்பர் தேஞ்சு போச்சு."

அமலோற்பவம் சன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடல், கனமான கண்ணாடி, காதிடுக்கில் பென்சில். புடவை மேலெல்லாம் ரப்பர்த் தூள். எழுந்து, நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கரெக்டா வந்தீங்கண்ணே. இப்பத்தான் பதினேழாவது முடிஞ்சிச்சு."

நின்றபடியே புரட்டினேன். "பஸ் அரை மணி நேரத்தில் பூந்தமல்லியை அடைந்தது." "மழை பெய்துகொண்டிருந்தது. பாதை சேறாக இருந்தது." "மே மாதம் ஆதலால் ஏரி வறண்டிருந்தது." தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அழுத்தித் தேய்த்து மேலே எழுதியிருந்தார். அடியில் இருந்தது எதுவும் தெரியவில்லை.

"எப்படி கீதுண்ணே?"

"பிழை இல்லை" என்றேன்.

"அப்ப புக்கு போட்லாமா?"

"போடணும். ஆனா இதை இல்லம்மா. பழையதை."

அவர் முகம் மாறவே இல்லை. சாப்பாடு முடிந்த வீட்டில் யாரோ சோறு கேட்டதுபோல, "பழசு இல்லியே, அழிச்சிட்டேனே" என்றார். "எதுக்குண்ணே பழசு?"

"என் கடிதம் தப்பு."

"அதுல ஒரு தப்பும் இல்ல. நானே போய்ப் பாத்தேன், ஒவ்வொண்ணா. ஏரி காஞ்சிதான் கெடந்துச்சு. பஸ்ஸு அரை மணிதான். நான்தான் பொய்யா எய்திகினு இருந்துக்கீறேன்." குரல் உயரவில்லை, வேகம்தான் கூடியது. "ரெண்டு வருஷம்ண்ணே. பென்சில எடுத்தா, அன்னிக்கி மழ பெஞ்சிச்சான்னு யோசிப்பேன். காலண்டரப் பாப்பேன். அதுக்குள்ள சோறு கொழஞ்சிடும். எய்தறதையே வுட்டேன். பொய் எய்தக் கூடாதுன்னுதானே வுட்டேன்? இப்ப வந்து அந்தப் பொய்தான் வேணும்ங்கிறீங்க."

"நல்லா கேளுடி" என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கடிதங்களில் பலமுறை வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டது குறைவு. கேட்டேன். ஐந்தாவது கதையின் வெறுமையான பத்துப் பக்கத்தைப் பற்றியும், சொம்புத் தண்ணீர் குடித்தவரைப் பற்றியும் சொன்னேன். அது அப்போதே எனக்குப் புரிந்தது என்பதையும், எழுத வீம்பு இடம்கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அக்கா இலையைப் போட்டுவிட்டார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுடுசோறு. மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாம் சோற்றுக்குக் கை நீட்டியபோது அமலோற்பவம் கேட்டார்: "சொம்புத் தண்ணி குடிச்சேன்னா எய்தினாரு?"

"ஆமாம்."

"எந்த வரிக்கு?"

"அதை எழுதலை."

கை கழுவிவிட்டு உள்ளே போனவர் ஒரு தாள் கட்டோடு வந்தார். என் கடிதம். ஆணியில் மாட்டிய ஓட்டை மேலே இருந்தது. முதல் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வாசித்தார், நின்றார், மறுபடி வாசித்தார்.

"அண்ணே, நான் எய்தினத ஒரு எழுத்து மாறாம எடுத்து எய்திக்கீறீங்க. அதுக்குக் கீழதான் பிழைன்னு போட்டுக்கீறீங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அழித்தது நான் குற்றம் சொன்ன வாக்கியங்களை மட்டும். நான் குற்றம் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் என் கையெழுத்திலேயே பத்திரமாக இருந்தன.

அன்று மதியம் முழுக்க நான் வாசித்தேன், அவர் அழித்து எழுதினார். அக்கா இரண்டாவது ரப்பரைத் தேடிக் கொடுத்துவிட்டு, "அழிச்சத எழுதி, எழுதினத அழிச்சி… நல்ல பொழப்பு" என்று தலையில் அடித்துக்கொண்டார். வெயில் இரண்டு முறை ஏறி இறங்கியது. புழுதி காலைச் சுட்டது. ரயில்கள் விளக்கோடு சன்னலைப் பார்த்தன. ஒவ்வொரு வரிக்கும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. அளந்து பார்க்கவில்லை.

பதினேழாவதில் மாட்டிக்கொண்டோம். ஏரிக் கதையின் முடிவு. நான் எழுதியிருந்தது இப்படி: "'அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இறங்கினாள்' முதலியன. பிழை."

"முதலியனன்னா?"

"அதுக்குப் பிறகு ஒரு வரி இருந்தது."

"இன்னா வரி?"

எனக்குத் தெரியவில்லை. தாளின் அடி வந்துவிட்டது, இன்னொரு தாள் எடுக்கச் சோம்பல். பால்காரன் வந்த நிமிடத்தைக்கூடக் குறித்து வைக்கிறவன், ஒரு கதையின் கடைசி வரியை "முதலியன" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறேன்.

"தண்ணி எவ்ளோ ஆழம்னு எய்தியிருந்தேன்" என்றார் அமலோற்பவம். கண்ணை மூடிப் பார்த்தார். "எவ்ளோன்னு வரலண்ணே. நாளைக்கு ஏரிக்குப் போலாம். வந்தா வரும். வரலன்னா அந்தக் கதைய வுட்டுட்டு மூணு கதையா போடுங்க."

மூன்று கதை என்றால், அந்தப் புத்தகம் எங்களுக்கு வேண்டியதில்லை என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

*

வியாழன் மாலை. அவருக்கு லீவு முடிந்திருந்தது. வேலை முடிந்து நேரே ஏரிக்கரைக்கு வந்தார். நானும் சூசையும் முன்னாலேயே போயிருந்தோம்.

ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. எருமைகள் மேய்ந்தன. நடுவில் ஒருவர் புது ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தார், பின்னாலேயே இன்னொருவர், "மச்சான், பிரேக்கு! கையில கீதே, அத்தப் புடி!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அமலோற்பவம் கரையிலிருந்து இறங்கி, ஏரிக்குள் கொஞ்சதூரம் நடந்து நின்றார்.

சூசை வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "அந்தக் கதையில வர்ற புருஷன் நான்தான் சார்."

நான் கடலையை எடுக்கவில்லை.

"எங்கம்மா செத்தப்ப தெருவே அழுதுச்சு. இவ ஒரு சொட்டு அழல. பொணத்தக் குளிப்பாட்டினா, புடவ கட்டினா, வந்தவங்களுக்குக் காபி போட்டா. அவ்ளோதான். எனக்கு நெஞ்சு பத்திகினுச்சு. ஆறு மாசம் இவகிட்டப் பேசல. அப்பால ஒருநா காலையில கொழம்புல உப்பு இல்ல. வாய் தவறிச் சொல்லிட்டேன். உப்பு டப்பாவ எடுத்து முன்னால வெச்சா, வேலைக்குக் கெளம்பிட்டா. சிரிக்கக்கூட இல்ல. சரி, இவ கல்லுதான்னு நெனச்சேன்."

ஸ்கூட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. எருமைகள் நிமிர்ந்து பார்த்தன.

"உங்க பத்திரிகை ரோசலினக்கா ஊட்டுக்கு வந்தப்ப எடுத்துப் படிச்சேன். உப்பு இல்லன்னு சொன்ன அன்னிக்கி ஏரி ரொம்பிகினு கீது. இதே ஏரி சார், இதே மாரி காஞ்சி கெடந்த ஏரி. அப்பத்தான் வெளங்குச்சு. இவ மூஞ்சில ஒண்ணியும் தெரியாது. ஏரியில தெரியுது."

"அம்மா தவறினது எந்த மாசம்?" என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

"ஐப்பசி. செம மழை. பொணத்த எடுக்கவே முட்டிக்கால் தண்ணி."

முட்டிக்கால் தண்ணீரில், புழுதி காலைச் சுட நடந்த மருமகள் யார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அழுத ஒரே இடம் அது. அதன் கீழே "மழைக்காலத்தில் புழுதி இராது" என்று எழுதியிருக்கிறேன். சூசைக்கு இது தெரியுமா என்று பக்கவாட்டில் பார்த்தேன். அவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "அந்தக் கதையும் படிச்சேன் சார்" என்றார்.

அமலோற்பவம் திரும்பி வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார், அழித்தார், தூளை ஊதினார், மறுபடி எழுதினார். நாங்கள் இருவரும் வேறு எங்கோ பார்ப்பதுபோல நின்றோம். நேரம் பார்க்கவில்லை. அதனால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது.

நோட்டை என்னிடம் நீட்டினார்.

"அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இறங்கினாள். தண்ணீர் கணுக்கால் வரை இருந்தது."

"பழசுல இடுப்பு வரைக்கும் இருந்துச்சின்னு நெனைக்கிறேண்ணே" என்றார். "எவ்ளோ நின்னாலும் இப்ப அவ்ளோ வரல. ரெண்டு வருஷம் ஒழுங்கா எய்தாம கெடந்துட்டேன்ல. இன்னிக்கி கணுக்கால் வரைக்கும்தான் வருது. அதுக்கு மேல போட்டா பொய்யாய்டும்."

ரோட்டைத் தொட்டு நிறைந்த ஏரி, கரையோரத்தில் கணுக்கால் ஆழம். யாரும் குறை சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் நான் சொல்லப்போவதில்லை. "இதை அப்படியே போடுறோம்" என்றேன்.

சூசை தோளுக்கு மேலாக எட்டி அந்த வரியை மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோலப் படித்தார். "கால் நனையுதில்ல? போதும்" என்றார்.

இருட்டுவதற்குள் வீடு போக, ஏரியின் குறுக்கே நடந்தால் பாதி தூரம் என்றார் அமலோற்பவம். அவர் முன்னால் இறங்கினார். சூசை கடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, பேண்ட்டின் கால் இரண்டையும் நிதானமாக இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் காய்ந்த மண்ணில் இறங்கினார்.

நான் நோட்டை இடுக்கிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டினேன்.